சிரிக்காதவன் என்று பெயர் எடுத்த கதை: நினைப்பு சுபாவமாக மாறுவதைக் கண்டுபிடித்துச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் இருக்கும் பழைய போட்டோ எதிலும் நான் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு, கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி நிற்கிறேன். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊரில் நாங்கள் குடித்து வளர்ந்தது போர் தண்ணி. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறையில் இருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைந்து வரும். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரை, பல் உள்ளுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்து வந்தால் பல்லில் கறை விழும். முதலில் வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், முற்றினால் காபிக்கொட்டை நிறம். வேப்பங்குச்சி, சாம்பல், உப்பு, பேஸ்ட் எதற்கும் அது அசையாது.

பல்லைப் பார்த்துவிடுவார்களே என்று வாயை மூடினேன். வாயை மூடியதால் 'உம்மணாமூஞ்சி', 'திமிர் பிடித்தவன்' என்று பெயர் வந்தது. அப்படிப் பெயர் எடுத்தவனிடம் யார் வந்து கேலி பேசி விளையாடுவார்கள்? ஒதுங்கிக்கொண்டார்கள். 'பார்த்தாயா, இந்தப் பல்லால்தான் யாரும் நம்மிடம் பேசுவதில்லை' என்று நான் முடிவு கட்டினேன். இருபத்தைந்து வயதில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது பெரியம்மா பெருமையாகச் சொன்னார்: "பையன் ரொம்ப அமைதிங்க, நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டான்." சுபாவம் என்று ஊர் சொன்னது அதைத்தான்.

என் தம்பியும் அதே போர் தண்ணிதான் குடித்தான். அதே பல். அவன் ஊரையே கூட்டி வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

இந்த வழிகாட்டி அந்த வித்தியாசத்தைப் பற்றியது. நல்லதே நினையுங்கள், நல்லதே நடக்கும் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் இருந்தால் போதும். இரண்டு மாதம் ஆகும்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

நினைப்பு என்பது அந்த நொடியில் மனதில் ஓடும் வரி. 'இவன் என் பல்லைத்தான் பார்க்கிறான்.' அமெரிக்காவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் மனச்சோர்வு நோயாளிகளிடம் இதைக் கவனித்தார். அவர்கள் சொல்லும் கதைக்கு அடியில், கூப்பிடாமலே வந்து போகும் குட்டி வரிகள் இருந்தன. நோயாளிகள் அவற்றை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் அறிவாற்றல் சிகிச்சை, அதாவது இப்படிப்பட்ட நினைப்புகளைப் பேசிப் பேசிச் சோதித்துப் பார்க்கும் மனநலச் சிகிச்சை, அதிலிருந்து வளர்ந்ததுதான்.

நம்பிக்கை என்பது அந்த வரிகள் முளைக்கும் நிலம். 'நான் பார்க்கச் சகிக்காதவன்.' இது தினமும் மனதில் ஓடாது. ஓட வேண்டிய அவசியமே இல்லை, அது அவ்வளவு பழகிப்போனது.

எதிர்பார்ப்பு என்பது அடுத்து என்ன நடக்கும் என்ற கணக்கு. 'பேசினால் சிரிப்பார்கள்.' மூன்றில் நம்மால் கைவைக்க முடிந்தது இது ஒன்றுதான். நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முடியாது. நாளைக் காலை பத்து மணிக்கு என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பைச் சோதிக்கலாம்.

இது வெறும் மனக் கற்பனையா, நிஜமாகவே நடத்தையை மாற்றுமா என்று கேட்டால், எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை ஒன்று உண்டு. 1980ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த கிளெக், ஸ்ட்ரென்டா இருவரும் செய்தது. சிலருக்கு முகத்தில் மேக்கப்பால் ஒரு தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு 'காயாமல் இருக்க ஒரு கிரீம் தடவுகிறோம்' என்று சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அந்தத் தழும்பைத் துடைத்துவிட்டார்கள். சுத்தமான முகத்தோடு ஒரு அந்நியரிடம் பேசிவிட்டு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எதிரில் இருந்தவர் தழும்பைப் பார்த்து இறுக்கமாக நடந்துகொண்டார் என்றார்கள். இல்லாத தழும்புக்கு! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977ல் மார்க் ஸ்னைடரும் உடன் ஆய்வு செய்தவர்களும் மின்னசோட்டாவில் ஆண்களையும் பெண்களையும் போனில் பேசவைத்தார்கள். ஆண்களிடம் ஒரு போட்டோ தரப்பட்டது. சிலருக்கு அழகான பெண், சிலருக்கு அப்படி இல்லாத பெண். பேசிய பெண்ணுக்கும் அந்தப் போட்டோவுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு பெண்களின் குரலை மட்டும் கேட்டு மதிப்பிட்டவர்களுக்கு, அழகானவள் என்று நினைத்துப் பேசப்பட்ட பெண்கள் அதிகம் கலகலப்பாகத் தெரிந்தார்கள். போனின் அந்த முனையில் இருந்த நினைப்பு, இந்த முனையில் இருந்தவரின் சுபாவமாக வெளிப்பட்டது. என்னை உம்மணாமூஞ்சி என்று நினைத்துப் பேசியவர்களிடம் நான் உம்மணாமூஞ்சியாகத்தானே இருந்திருப்பேன்?

சரி, நோட்டைத் திறப்போம்.

படி 1: 'நான் இப்படித்தான்' என்ற வரியை எழுதுங்கள்

உங்களைப் பற்றி நீங்களும் வீட்டாரும் வழக்கமாகச் சொல்லும் வரி எது? 'எனக்குக் கணக்கு வராது', 'எனக்கு முன்கோபம்', 'நாலு பேர் முன்னால் பேச வராது'. ஒன்றே ஒன்றை எடுங்கள். அதைப் பத்து தடவை எழுத வேண்டியதில்லை, ஒரு தடவை போதும். அதற்குக் கீழே, அந்த வரி பொய்யாகிப் போகும் இடம் ஒன்றைத் தேடி எழுதுங்கள். எனக்கு அது ஆடு மேய்த்த காடு. அங்கே நான் பாட்டே பாடுவேன்.

படி 2: ஒரு வாரம், ஒரு நாளைக்கு ஒரு சம்பவம்

பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, மனதில் ஓடிய வரி, உடம்பில் என்ன ஆனது, நான் என்ன செய்தேன். என் நோட்டிலிருந்து ஒன்று. நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்.

நடந்தது: கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் மூன்று பேர் பேச்சை நிறுத்தினார்கள். ஓடிய வரி: என்னைப் பற்றித்தான், என் மூஞ்சியைப் பற்றித்தான். உடம்பு: வயிறு இறுகியது, காது சூடானது. செய்தது: போனை எடுத்துப் பார்ப்பது மாதிரி நடித்தேன், பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். நான் ஓவர்டைம் போட்ட விதம் சரியில்லை என்ற புகார். பின்னால் தெரிந்தது. மனதில் ஓடுவதெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பாதி உண்மை இருந்தது. பல்லுக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இல்லை. எழுந்து போகாமல் இருந்திருந்தால் ஓவர்டைம் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முதல் பத்தியில் பலர் தடுக்கி விழுவார்கள். 'அவர் என்னை அவமானப்படுத்தினார்' என்று எழுதாதீர்கள், அது இரண்டாம் பத்திக்கு உரியது. சிசிடிவி கேமராவில் பதிவாகக்கூடியது மட்டும்தான் முதல் பத்தியில் வர வேண்டும்.

படி 3: கீழே இறங்குங்கள்

வாரக் கடைசியில், அதிகம் உறுத்திய ஒரு வரியை எடுத்து, 'அப்படியே இருந்தால்தான் என்ன?' என்று கேட்டுக்கொண்டே போங்கள். என் பல்லைப் பற்றிப் பேசினால் என்ன? சிரிப்பார்கள். சிரித்தால்? மதிக்க மாட்டார்கள். மதிக்காவிட்டால்? லைனில் நான் சொல்வதைக் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால்? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவன்.

பல்லில் தொடங்கியது 'லாயக்கில்லை' என்பதில் போய் நின்றது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதும் அன்றே ஞாபகம் வந்தது: பள்ளி விழாவில் பாட்டுப்பாடப் போனவனை, "நீ பின்னாடி நில்லு, வாயை மூடிக்கிட்டு நின்னா போதும்" என்று அனுப்பிய ஒருவர். அவருக்கு அது நினைவில்கூட இருக்காது. பழைய காயத்தை இதற்கு மேல் தோண்ட வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும். யார் மேல் தப்பு என்று வழக்கு நடத்துவதற்கு இந்த நோட்டில் இடமில்லை.

படி 4: உங்கள் மறைப்புப் பழக்கத்தைப் பிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1990களில் இங்கிலாந்தில் டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். கூச்சத்தால் அவதிப்படுபவர் தினமும் மனிதர்களைச் சந்திக்கிறார், பெரிதாக ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அப்புறமும் பயம் ஏன் குறைவதில்லை? பயந்தது நடக்காமல் தடுக்க அவர் ரகசியமாக ஏதோ செய்துகொண்டே இருக்கிறார். ஒன்றும் நடக்காதபோது, 'நான் அப்படிச் செய்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. பயம் பொய் என்று நிரூபணமாக வாய்ப்பே கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பழக்கமே ஆளைத் தப்பாகக் காட்டும்.

என் பட்டியல்: பேசும்போது கை வாய்க்குப் போவது, கர்சீப், கூட்டத்தில் கடைசி வரிசை, நேரில் சொல்ல வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, பேசும் முன் வாக்கியத்தை மனதில் இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னது நல்ல பழக்கம் மாதிரிதான் தெரியும். ஆனால் நான் மனதில் ஓட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். எதிராளிக்கு என்ன தோன்றும்? 'இவன் காதில் வாங்குவதே இல்லை.'

உங்களுடையது வேறாக இருக்கலாம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஒரு நாளைக்கு ஆறு போன் போடும் அம்மா. ராயக்கோட்டை மண்டியில் தன் தக்காளிக்கு இன்னும் ஐம்பது ரூபாய் கேட்கத் தயங்கி, 'நீங்களே பார்த்துப் போடுங்க' என்று சிரித்துவிட்டு வருபவர். கணக்குப் பாடத்தைக் கடைசி நாள் வரை தொடாமல் வைத்து, 'படிக்கவே இல்லை, அதனால்தான் மார்க் குறைவு' என்று சொல்லத் தயாராக இருக்கும் பையன். இந்தப் பட்டியலை எழுத இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரண்டுதான் வரும். மிச்சத்தை மனைவியோ நண்பரோ சொல்வார்கள்.

படி 5: சோதனை

கறி வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பார்ப்பது போலத்தான். வெறும் தைரியம் இதற்கு உதவாது. 'போய்ப் பேசிவிடு, ஒன்றும் ஆகாது' என்று நண்பர்கள் தள்ளிவிட்டு நான் போன இடங்கள் எல்லாம் வீண். கையை வாயில் வைத்துக்கொண்டு போனேன், கையை வாயில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போவதற்கு முன் நான்கு விஷயங்களை எழுதுங்கள். எங்கே, எப்போது. எந்த மறைப்புப் பழக்கத்தை அன்று விடப்போகிறேன். என்ன நடக்கும் என்று நினைக்கிறேன். இதை எண்ணிப் பார்க்கக்கூடிய மாதிரி எழுத வேண்டும். நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன்.

என் முதல் சோதனை: திங்கள் காலை ஷிப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடக் கூட்டம். கையைக் கீழே வைத்துப் பேசுவேன். 25 பேரில் குறைந்தது 10 பேர் என் வாயைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதாவது சொல்வார்கள். நூற்றுக்கு 80 நம்புகிறேன்.

அங்கே போனதும் கவனத்தை வெளியே திருப்ப வேண்டும், இதுதான் கஷ்டம். 'நான் எப்படித் தெரிகிறேன்' என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் எண்ண முடியாது. நான் முகங்களை எண்ணினேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருவர் கம்பெனி பஸ் மாலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு புதுப் பையன் மட்டும் என் பல்லையே பார்த்தான். டீ இடைவேளையில் வந்து, "அண்ணா, நீங்க பென்னாகரமா?" என்றான். அவனுக்கும் அதே பல்.

நம்மை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் இரண்டு மடங்கு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் உடன் இருந்தவர்களும் 2000ல் வெளியிட்ட ஆய்வில், போட்டுக்கொள்ளக் கூச்சமான ஒரு டிஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது ஏறக்குறைய கால்வாசிப் பேர்தான். கால்வாசி என்பதும் பூஜ்யம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வந்ததும் நோட்டில் நடந்ததை எழுதி, நூற்றுக்கு எவ்வளவு என்று போட்ட எண்ணைத் திருத்துங்கள். எனக்கு 80 என்பது 65 ஆனது. அவ்வளவுதான். பத்தாவது சோதனைக்குப் பிறகு 30. அதற்குக் கீழே இன்னும் போகவில்லை.

சோதனை தோற்றால்? எனக்குத் தோற்றிருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் கையை எடுத்துவிட்டுச் சிரித்தேன். தூரத்துச் சொந்தம் ஒருவர் பந்தியிலேயே, "உன் பல்லு இன்னும் அப்படியேதான் இருக்கா?" என்றார். கணிப்பு அப்படியே பலித்தது. அன்றுதான் எனக்குப் புரிந்தது, கணிப்பு இரண்டு எழுத வேண்டும் என்று. என்ன நடக்கும் என்பது ஒன்று. நடந்தால் நான் என்ன ஆவேன் என்பது இன்னொன்று. இரண்டாவதில் நான் எழுதாமல் நம்பியிருந்தது, 'எழுந்து ஓடிவிடுவேன்'. நான் ஓடவில்லை. பாயசம் வரும் வரை இருந்தேன்.

'நல்லதே நினையுங்கள்' என்ற பேச்சில் நம்பிக்கை இல்லை என்று முன்பு சொன்னேனே, காரணம் இதுதான். நல்ல வாக்கியங்களைக் கண்ணாடி முன் சொல்லிப் பழகச் சொல்வார்கள். கனடாவில் ஜோஆன் வுட் என்பவர் குழுவினர் 2009ல் அதைப் பரிசோதித்தார்கள். 'நான் அன்புக்குரியவன்' என்ற மாதிரி வாக்கியத்தைத் தனக்குத் தானே சொன்னபோது, ஏற்கெனவே தன்மேல் மதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மேல் மதிப்புக் குறைந்தவர்களுக்கு முன்பைவிட மோசமானது. யாருக்கு மருந்து தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு குரல் 'பொய்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும் அல்லவா?

படி 6: நீங்கள் அடுத்தவர் மேல் வைத்திருக்கும் கணிப்பு

1965ல் கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும், ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் பெயரைக் குருட்டாம்போக்கில் எடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக ஏறியது. மேல் வகுப்புகளில் அப்படிச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த விளைவு இருந்தாலும் சிறியது என்றே காட்டின.

அதே 1965ல்தான் சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமானது. 'பின்தங்கிய மாவட்டம்' என்ற அடைமொழியோடுதான் நாங்கள் வளர்ந்தோம். வெளியூரில் ஊர்ப் பெயர் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு கணிப்பு ஓடும், பார்த்திருப்பீர்கள். அதைவிடக் கொடுமையான அடைமொழிகளும் உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேச கிராமத்துப் பள்ளிப் பையன்களுக்குப் புதிர்ப்பாதை விடுவிக்கும் போட்டி வைத்தார்கள்; 2006ல் அதை வெளியிட்டார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொன்ன பிறகு ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை சரிந்தது. அந்தப் பையன்களிடம் போய் 'உன் நினைப்பை மாற்று' என்பது அயோக்கியத்தனம். சாதியை எல்லோர் முன்னிலையிலும் சொன்னவர்தான் வாயை மூட வேண்டும்.

என் பங்குக்கும் ஒன்று உண்டு. ஒரு புதுப் பையனைப் பார்த்ததுமே 'இவன் ஒரு மாதம் தாங்க மாட்டான்' என்று நினைத்தேன். தாங்க மாட்டாதவனுக்கு எதற்கு மெஷினை விளக்குவது? இருபதாவது நாள் நின்றுவிட்டான். நான் சொன்னது சரியாகிவிட்டது என்று அன்று பெருமை வேறு.

ரோசந்தால் இது எப்படி நடக்கிறது என்பதை நான்கு இடங்களில் பார்க்கச் சொன்னார்: முகம் கொடுத்துப் பேசுவது, கூடுதலாகக் கற்றுத்தருவது, பதில் சொல்ல நேரம் தருவது, செய்ததைப் பார்த்து விவரமாகச் சொல்வது. உங்கள் பிள்ளையோ, வேலையாளோ, 'இது தேறாது' என்று நீங்கள் முடிவு கட்டிய ஒருவரை எடுத்து, இந்த நான்கையும் நீங்கள் நம்பும் ஆளுக்குத் தரும் அளவுக்கு நான்கு வாரம் தாருங்கள். மனதில் நம்பிக்கை வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கும் வரவில்லை, அளவை மட்டும் சமமாக்கினேன்.

நினைப்பால் ஆகாதவை

எதிர்பார்த்தால் நடந்துவிடும் என்பவர் ஒரு தடவை நம் தக்காளிக்காரரிடம் கேட்கட்டும். விலை ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்த்து எல்லோரும் நாற்று நட்டால், காய் வரும்போது விலை விழுகிறது. எதிர்பார்ப்பு அதனாலேயே பொய்யாகும் இடமும் உண்டு.

சுபாவத்தில் பிறவிப் பங்கும் இருக்கிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் சுபாவம் வேறுபடுவதில் ஏறக்குறைய பாதி மரபணுவோடு சேர்ந்தது என்கின்றன. என் தம்பி மாதிரி நான் ஆகப் போவதில்லை. இன்றும் எனக்குக் கூட்டம் பிடிக்காது. மறைப்பதற்காக ஒதுங்குவதும் பிடித்து ஒதுங்குவதும் வேறு என்பது மட்டும் இப்போது தெரியும்.

தண்ணீரும் நினைப்பால் மாறவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் திறக்கப்பட்டுக் குழாயில் வந்ததுதான் மாற்றம். கறைக்குப் பல் மருத்துவரிடம் சிகிச்சையும் இருக்கிறது. செய்துகொள்வதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரத்திலும் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, காசில்லாமல் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

வரும் ஞாயிறு பாலக்கோட்டில் தம்பி மகளுக்குக் காதுகுத்து. நோட்டில் எழுதிவிட்டேன். எங்கே: மண்டபம், குடும்ப போட்டோ. விடப்போவது: மூடிய உதடு. கணிப்பு ஒன்று: போட்டோகிராபர் 'சார், கொஞ்சம் வாயை மூடிக்கோங்க' என்பார், 35. கணிப்பு இரண்டு: சொன்னால் மூடிக்கொள்வேன், 50. மீதிப் பத்தியைத் திங்கட்கிழமைதான் நிரப்ப வேண்டும்.